மூன்றாவது நாற்காலி

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘வாய்தா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மின் கட்டணத்தையும் மின்சாரக் கம்பெனிகளையும் கண்காணிக்கிற ஆணையத்தில் அவர் டவாலி. விசாரணை நாளில் கூடத்தின் கதவைத் திறந்து, வெளியே நின்று, மனு எண்ணைச் சொல்லி மனுதாரரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்குள் ஆள் வந்தால் விசாரணை நடக்கும். வராவிட்டால் உள்ளே போய், “அழைத்தேன், யாரும் இல்லை” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். விசாரணை தள்ளிப்போனால் அடுத்த தேதியை வெளியே வந்து அறிவிப்பதும் அவர்தான். நல்ல சேதி சொல்ல ஆளுக்கு ஆள் முந்திக்கொள்வார்கள். வாய்தா சொல்ல மட்டும் இவர் ஒருத்தர். பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்?

குரல் என்றால் அப்படியொரு குரல். இளவயதில் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவி ஆள் ஏற்றியவர். அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் ஆணையத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று அவரே பீற்றிக்கொள்வார்.

ஆணையம் தொடங்கிய புதிதில் பெருக்குகிறவர் முதல் அதிகாரி வரை எல்லோரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டதை இவர் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார். மேடையில் ஐந்து நாற்காலி. அமைச்சர் ஆளைப் போடலாம், ஆனால் பதவிக்காலம் முடிகிற வரை எடுக்க முடியாது. செலவுக்கு அரசிடம் கையேந்த வேண்டாம், கம்பெனிகள் கட்டும் உரிமக் கட்டணம் போதும். விசாரணை திறந்த கதவோடு நடக்கும். என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஏன் என்று எழுதித்தான் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட இதைத்தான் அரை மணி நேரம் பேசினார். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

“அண்ணா, அவங்க என்னைப் பாக்க வந்தாங்களா, உன் ஆணையத்தைப் பாக்க வந்தாங்களா?” என்று தங்கை அப்போதே கேட்டுவிட்டாள்.

அவள் வாய் அப்படி. ஆனால் அண்ணன் மேல் உயிர். தாய் தகப்பன் போன பிறகு இவர் பேருந்து நிலையத்தில் கத்திச் சம்பாதித்துத்தான் அவளை ஆளாக்கினார்.

அவருடைய நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்தது. முதல் தலைவர் ஒரு முசுடு. ஒரு நாள் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அமைச்சரின் உதவியாளர் பூனை மாதிரி வந்து ஒரு துண்டுச் சீட்டை மேடையில் வைத்தார். தலைவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “டவாலி, உங்க குரல்தான் நல்லா இருக்கே. இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க” என்றார். இவரும் படித்தார். கம்பெனிக்கு எதிரான தீர்ப்பைத் தேர்தல் வரை தள்ளி வைக்கும்படி அமைச்சர் ‘விரும்புவதாக’ எழுதியிருந்தது. கூடம் கொல்லென்று சிரித்தது. உதவியாளர் வந்த வழி தெரியாமல் போனார். அமைச்சரால் தலைவரின் ஒரு மயிரைக்கூடப் பிடுங்க முடியவில்லை. அன்றைக்கு விரிந்த நெஞ்சு இவருக்கு அப்புறம் சுருங்கவே இல்லை.

ஆனால் அமைச்சர்கள் என்ன முட்டாள்களா? உட்கார்ந்திருப்பவனைத் தூக்க முடியாது, சரி. காலியான நாற்காலியில் ஆளைப் போடாமல் இருக்கலாம் இல்லையா? அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள அவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

தங்கைக்கு நூற்பாலையில் இருபது வருஷம் நின்றபடி வேலை. நூல் கண்டு சுற்றும் பிரிவு. பஞ்சுத் தூசி மூக்கு வழியாகப் போய் நெஞ்சில் குடியேறிவிட்டது. ஐம்பது வயதில் ஆலைக்காரன் கையை விரித்தான், டாக்டர் ஆக்சிஜன் மெஷினை எழுதிக் கொடுத்தார். காற்றை இழுத்து, சலித்து, மூக்குக் குழாயில் விடுகிற மெஷின். கரண்டில் ஓடுவது, போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அவள் தெருவிலோ கரண்ட் வருகிற நேரத்தைவிடப் போகிற நேரம் அதிகம். டிரான்ஸ்ஃபார்மர் கிழடு. வெயில் ஏறினால் படுத்துக்கொள்ளும். கம்பெனியைக் கேட்டால், அடுத்த திட்டத்தில் மாற்றித் தருகிறோம் என்றது. அந்த அடுத்த திட்டம் எப்போதும் அடுத்த திட்டமாகவே இருந்தது.

“ஆணையத்துக்கு வாங்க” என்றார் வாய்தா, தெருக்காரர்கள் முன்னால், மார்பில் தட்டாத குறையாக. “அமைச்சர் வீட்டு வாசல்ல போய் நிக்காதீங்க. அங்க சிபாரிசு. எங்ககிட்ட சட்டம்.”

தெருவே சேர்ந்து மனுப் போட்டது. முதல் மனுதாரர் தங்கை. மற்ற வீடுகளில் கரண்ட் போவது ‘அனுமதிக்கப்பட்ட அளவு’க்குள்தான் என்று கம்பெனி சாதிக்கும், உயிர் காக்கும் கருவி ஓடுகிற வீட்டுக்கு மட்டும் அந்தச் சாக்குச் செல்லாது என்று விதி இருந்தது. தெருவின் துருப்புச்சீட்டே அவளுடைய கெட்டுப்போன நெஞ்சுதான். ஆணையத்தின் செயலாளர் அம்மாவிடம் வாய்தா தாமாகவே போய், மனுதாரர் என் கூடப் பிறந்தவள் என்று சொன்னார்.

“கூப்பிடறதுதானே உங்க வேலை? தீர்ப்புச் சொல்றதில்லையே. கூப்பிடுங்க, பரவாயில்லை” என்றார் அந்த அம்மா.

விசாரணைக்குத் தேதியும் கிடைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அப்புறம்தான் தொடங்கியது.

ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் பதவிக்காலம் முடிந்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் மூன்று. மூன்று பேர் உட்கார்ந்தால்தான் விசாரணை செல்லும், அது விதி. அந்த மூன்றாவது உறுப்பினரைக் கூப்பிட்டு அமைச்சகம் ஓர் ஆலோசகர் பதவியைக் கொடுத்தது. மனிதர் மறு வாரமே ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார். யாரையும் யாரும் வெளியேற்றவில்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. மேடையில் மட்டும் மூன்று நாற்காலி காலியாகக் கிடந்தது.

ஆள் இல்லாவிட்டாலும் விசாரணை நாளை விடக்கூடாதாம். வழக்கைக் கூப்பிட வேண்டும், வந்தவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் வாய்தா. முதல் தேதியன்று தங்கையே புறப்பட்டு வந்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கிறவளா? அவள் புருஷன், லாரி ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர், சின்ன சிலிண்டர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். லிஃப்டில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டியிருந்தது. கூடம் இரண்டாவது மாடி.

மேலேயிருந்து வாய்தா கூப்பிட்டார். ஒரு முறை. கீழே படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். இரண்டாவது முறை. நாலு படி ஏறினாள். மூன்றாவது முறையை அவர் இழுத்து இழுத்துக் கூப்பிட்டார், பேருந்து நிலையத்தில் கடைசிப் பயணிக்காக ஊர்ப் பெயரை இழுப்பது போல. அது முடிவதற்குள் அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சிரித்தாள்.

“நல்லாத்தான்... கூப்பிடற. எனக்கு மட்டும்... நாலாவது தடவையும் கூப்பிடுண்ணா. உன் படி... எனக்கு ஒத்துக்கலை.”

“மூணுதான்மா விதி” என்றார் அவர்.

“விதியாம் விதி. என் விதியைப் பாரு” என்று கணவரைக் காட்டினாள். அவரும் சிரித்துவிட்டார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கம்பெனி வக்கீல் செய்தித்தாள் படித்தார். மேடையில் இருந்த இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் வாய்தா எழுந்து, தன் தங்கையின் முகத்துக்கு நேராக நின்று, “உறுப்பினர் எண்ணிக்கை போதாமையால் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது” என்று அறிவித்தார். ஆயிரம் பேருக்குச் சொன்ன வாசகம். அன்றைக்குத்தான் அது வாயில் கசந்தது.

அடுத்த தேதியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தெருக்காரர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், பிறகு பாதிப் பேர் வந்தார்கள், பிறகு தங்கை புருஷன், மச்சான் மட்டும் வந்தார். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்கிறீர்களா? மச்சான் போனார். இதற்கென்றே தனி ஆணையம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் லைன்மேன் வந்தார். தங்கைக்கு அடுத்த வீட்டுக்காரர், கம்பெனியில் கம்பம் ஏறுகிறவர், நல்ல மனுஷன். ஒரு சாயங்காலம் தங்கை வீட்டு வாசலில் நின்று சொன்னார்:

“அக்கா, பின்னாடி தெருவுல ஆஸ்பத்திரி லைன் போகுது. அதுல கரண்ட் கட்டே கிடையாது. எங்க இன்ஜினியர்கிட்ட பேசிட்டேன், அவரும் கண்டுக்காம இருக்கேன்னுட்டார். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு மட்டும் ஒரு ஒயர இழுத்து விட்டுடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்.”

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாய்தாவுக்கு இருண்டது.

“அதெப்படி?” என்றார் தங்கையிடம். “உன் வீட்டுக் குறை தீர்ந்துட்டா மனுவே செத்துப்போகும். கம்பெனி வக்கீல் அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கான்? ‘முதல் மனுதாரருக்கு இப்போ குறையே இல்லைங்க’ன்னு ஒரே வார்த்தை சொல்வான். மொத்தத் தெருவையும் கைகழுவி விட்டுடுவாங்க. அதுவும் இது திருட்டு வழி. ஆணையத்துல வேலை பாக்கிறவன் தங்கச்சி திருட்டு லைன் இழுத்தாள்னு நாளைக்குப் பேச்சு வராதா?”

“பேச்சு வந்தா வந்துட்டுப் போகட்டும் மச்சான். இவளுக்கு மூச்சு வரணுமே” என்றார் மச்சான்.

தங்கை இரண்டு பேரையும் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “நீ என்னண்ணா சொல்ற?”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. மூணாவது ஆளை எப்படியும் போட்டுத்தானே ஆகணும்? சட்டம்னு ஒண்ணு இருக்கே. போட்ட மறுநாளே நம்ம மனுதான். தெருவுக்கே விடிவு வரும்.”

“சரி. நீ சொன்னா சரி” என்றாள்.

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாய்க்கு வாய் பேசுகிறவள் அன்றைக்கும் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். லைன்மேன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஆணையத்தைக் கேட்க நாதியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம்தான் வரிசையாக வந்து கேட்டார்கள். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். காகிதம் எத்தனை கட்டு, டீசல் எத்தனை லிட்டர், டீ எத்தனை கோப்பை என்று துருவினார்கள். எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழு கூப்பிட்டது. ஏன் இத்தனை மனு தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டது. மூன்றாவது ஆள் இல்லை என்றார் செயலாளர் அம்மா. ஆணையம் சுதந்திரமான அமைப்பு, அதன் உள் விவகாரத்தில் நாங்கள் தலையிடக் கூடாது என்று குழுவின் தலைவர் பெருந்தன்மையோடு சொன்னார். ஆள் போடுவது அமைச்சகம். அமைச்சகத்தைக் கேட்டால், தேர்வுக் குழு பெயர் கொடுக்க வேண்டும் என்றது. தேர்வுக் குழுவைக் கேட்டால், எங்களுக்கே தலைவரை அமைச்சகம் இன்னும் போடவில்லை என்றது. யாரைக் கேட்டாலும் பதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் எல்லாப் பதிலும் உண்மை. எல்லோரும் பொறுப்பானவர்கள், பொறுப்பு மட்டும் யார் தலையிலும் இல்லை. அட, அதைச் சொல்லி யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வாய்தா அப்போதும் விசாரணை நாள்தோறும் காலையில் ஐந்து நாற்காலியையும் துடைத்தார். ஐந்து தம்ளரில் தண்ணீர் வைத்தார். “ஏன் இந்தப் பாடு? ரெண்டு போதுமே” என்று காவலாளி சிரித்தார். “திடீர்னு வந்துட்டா?” என்றார் இவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். கூடத்துக்குள் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. கூடத்தில் ஈ காக்காய் இல்லை, ஆனாலும் விதி விதிதானே, அணைத்து வைத்திருந்தார். தெருவில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. முந்தின நாள் முழுக்க வோல்டேஜ் இல்லாததால் மெஷினின் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. மச்சான் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வர ஓடினார். அங்கே கூட்டம். பக்கத்து வீட்டிலிருந்து லைன்மேனின் மனைவி வந்து தங்கையை நிமிர்த்தி உட்கார வைத்து, விசிறிக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள். லைன்மேன் எந்தக் கம்பத்திலோ இருந்தவர், ஏணியோடு ஓடி வந்தார். பின் தெருவில் ஆஸ்பத்திரி லைன், தங்கை வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் கம்பத்தில் பாதி ஏறும்போது கீழேயிருந்து மனைவி, இறங்கி வந்துடுங்க என்று சொல்லிவிட்டாள்.

வாய்தா டீ குடிக்க வெளியே வந்துதான் கைபேசியைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மச்சான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று வாய்தா எதிர்பார்த்தார். செருப்பால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

“நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலை மச்சான். நம்புனீங்க. அவளும் உங்களை நம்புனா” என்றார் அவர்.

அந்த வார்த்தை வாய்தாவைக் கொன்றது. சாப்பாடு இறங்கவில்லை. என்ன செய்தாலும் அந்த ‘சரி, நீ சொன்னா சரி’ காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். விட்டால் வேறு எங்கே போவது, கத்துவதைத் தவிர வேறென்ன தெரியும்? திரும்பப் போய் நாற்காலியைத் துடைத்தார்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு வாரத்துக்குள் மூன்று நாற்காலியும் நிரம்பிவிட்டது. ஆமாம், ஒரே வாரம். கம்பெனிகளின் கட்டண உயர்வு மனு காலாவதியாகப் போகிறதாம். கட்டணத்தைக் கூட்டவும் மூன்று பேர் உட்கார வேண்டுமே! தேர்வுக் குழுவுக்குத் தலைவர் கிடைத்தார், குழுவுக்குப் பெயர்கள் கிடைத்தன, அமைச்சருக்குப் பேனாவும் கிடைத்தது. ஆளில்லை ஆளில்லை என்று சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வந்த மூவரில் ஒருவர் கம்பெனிக்கு வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவும் சட்டப்படி சரிதான்.

அதோடு பழைய தலைவரின் காலமும் முடிந்து, அவர் நாற்காலிக்கு வந்த புதியவரே தலைவரானார். இனிமையாகப் பேசுகிறவர். கட்டண உயர்வை முதல் வேலையாக முடித்தார். அடுத்து, தேங்கிய மனு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார். வருடாந்தர அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டுமாம். பழைய மனுக்கள் அத்தனையையும் ஒரே நாளில் கூப்பிடச் சொன்னார்.

மனுதாரர் இறந்துவிட்டால் வாரிசு யாராவது வந்து தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வாய்தா மச்சானிடம் போனார். ஒர்க்‌ஷாப்பில் ஒரு லாரிக் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார் மச்சான்.

“எதுக்கு மச்சான்? டிரான்ஸ்ஃபார்மர் வந்தா அவ வருவாளா?”

“தெருவுக்கு...”

“தெருவுல பாதிப் பேர் இன்வெர்ட்டர் போட்டாச்சு. மீதிப் பேருக்கு இருட்டு பழகியாச்சு. கோவிச்சுக்காதீங்க, எனக்கு அந்தப் படி ஏறத் தெம்பு இல்லை.” மச்சான் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். தெருவிலும் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார் வாய்தா. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. லைன்மேன் மட்டும், நான் கம்பெனி ஆளாச்சே, நான் எப்படி வர முடியும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் காலையில் செயலாளர் அம்மா அவரைத் தனியே கூப்பிட்டார். “அந்த நம்பர் வரும்போது வேற ஆளைக் கூப்பிடச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. நானே கூப்பிடறேன்.”

மேடையில் ஐந்து நாற்காலியிலும் ஆள் இருந்தது. நாற்காலி நிறைந்து எத்தனை காலமாயிற்று! ஒவ்வொரு எண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. பலர் வரவில்லை. அந்த எண் வந்தது. வாய்தா வெளியே வந்து படிக்கட்டின் தலைமாட்டில் நின்றார். லிஃப்டைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். எண்ணையும் தங்கை பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். குரல் இரண்டு மாடியும் இறங்கிப் போயிற்று. கீழே ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வழியே போனார். இரண்டாவது முறை கூப்பிட்டார். மூன்றாவது முறையை இழுத்து இழுத்து, மூச்சு உள்ள மட்டும் கூப்பிட்டார். படிக்கட்டுத் திருப்பத்துக் கைப்பிடியைப் பார்த்தபடியே நின்றார்.

மூன்று முறை ஆகிவிட்டது. உள்ளே போக வேண்டும். கதவருகே வந்த செயலாளர் அம்மா, போதும் என்று தலையை அசைத்தார். இவர் நகரவில்லை. இத்தனை வருஷ வேலையில் இல்லாத வழக்கமாக நாலாவது தடவையும் கூப்பிட்டார். எண்ணைச் சொல்லவில்லை, பெயரை மட்டும், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக.

உள்ளே போனார். கம்பெனி வக்கீல் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். தலைவர் கனிவாகக் கேட்டார். “நல்லாப் பாத்தீங்களா? ஒருத்தர்கூட வரலையா?”

“அழைத்தேன்” என்றார் வாய்தா. “யாரும் இல்லை.”

“சரி. தீர்க்கப்பட்டதுன்னு போட்டுக்கோங்க” என்றார் தலைவர் செயலாளரிடம். “அடுத்த நம்பரைக் கூப்பிடுங்க.”

வாய்தா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.